குளிர்நாட்டில் தளரும் உள்ளம்

கடல் கடந்து செல்வது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் நாகூராரும் பல தலைமுறைகளாகக் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் சென்று வாணிபம் செய்தவர்கள். பின்னர் 1970-களில் வளைகுடா நாடுகளின் வாசல் திறந்தது. அந்த ஊர்களிலெல்லாம் தனிமை உண்டு. கடும் உழைப்பு உண்டு. பிரிவுத் துயர் உண்டு. ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே பயணம் புறப்படும் மகனுக்கு நம் பெரியவர்கள் சொல்லியனுப்பும் புத்திமதிகளில் தொழுகை இருந்தது, ஹலாலான உணவு இருந்தது, கெட்ட சகவாசத்தைப் பற்றிய எச்சரிக்கை இருந்தது. வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இருந்ததில்லை. அதற்கான தேவையும் அன்று ஏற்படவில்லை.

இன்றோ நம் பிள்ளைகள் இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் குளிர்காலம் ஒரு வேடிக்கை. பனி பெய்வதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். உம்மாவும் பார்த்து மகிழ்வார். இரண்டாவது, மூன்றாவது குளிர்காலத்தில்தான் சிலருக்கு வேறொன்று தொடங்குகிறது. நவம்பர் பிறந்ததும் காலையில் எழுந்திருக்க முடிவதில்லை. பத்து மணி நேரம் தூங்கியும் தூக்கம் தீர்வதில்லை. கைகால்களில் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டாற்போலக் கனம். இனிப்பையும் ரொட்டியையும் மனம் தேடுகிறது, உடல் பெருக்கிறது. நண்பர்களோடு பேசப் பிடிப்பதில்லை. தொழுகைக்கு நிற்கும்போது உள்ளத்தில் ஒன்றும் அசைவதில்லை. மார்ச் மாதம் வந்ததும் மேகம் விலகியதுபோல் எல்லாம் சீராகிவிடுகிறது. அடுத்த நவம்பரில் மறுபடியும் அதே கதை.

இப்படிப்பட்ட ஒருவர் தம் நிலையை வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான். ‘உன் ஈமான் தளர்ந்துவிட்டது. தொழுகையில் கவனம் செலுத்து, சரியாகிவிடும்.’ சொல்பவர் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அல்லாஹ்வை நினைவு கூர்வதால் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்பது திருமறை நமக்குக் கற்றுத்தரும் உண்மை. ஆனால் அந்த உண்மையைத் தலைகீழாகத் திருப்பி, ‘உன் உள்ளத்தில் அமைதி இல்லை, ஆகவே உன்னிடம் இறைநினைவு இல்லை’ என்று ஒருவர்மீது தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? இதுதான் இங்கே நாம் சிந்திக்க விரும்புவது.

முதலில் அந்நாடுகளின் வெளிச்சக் கணக்கைப் பார்ப்போம். டிசம்பர் மாதக் கடைசியில் சென்னையில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். அதே நாளில் டொரண்டோவில் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; இலண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு; கிளாஸ்கோவில் 7 மணி நேரந்தான். இலண்டனில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. நம் ஊரில் அது காலை இளவெயில் நேரச் சூரியனின் உயரம். அந்த வெயிலையும் பல நாட்கள் மேகம் மறைத்துக்கொள்ளும். பணிக்குச் செல்பவர் இருட்டில் புறப்பட்டு இருட்டில் வீடு திரும்புகிறார். வாரக்கணக்கில் வெயில் அவர் முகத்தில் படுவதே இல்லை.

இதற்கும் உள்ளச் சோர்வுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவர். அவரும் வெயில் நாட்டுக்காரர்தாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நியூயார்க்கின் குளிர்காலங்களில் தம் சுறுசுறுப்பு குன்றுவதையும் வசந்தத்தில் அது மீள்வதையும் தம்மிடத்திலேயே கவனித்தார். அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் அவரும் தோழர்களும் இப்படிப்பட்ட 29 பேரை ஆராய்ந்து 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் இந்தச் சோர்வுக்கு ஒரு நோயின் பெயர் கிடைத்தது அப்போதுதான். கடும் வெளிச்சம் மனிதரின் இரத்தத்தில் மெலடோனின் என்னும் இரவுச் சுரப்பைக் குறைக்கிறது என்பது அதற்கு நான்காண்டுகள் முன்பே, 1980-ல் கண்டறியப்பட்டிருந்தது. கண்ணில் விழும் காலை வெளிச்சம் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்திவைக்கிறது. அந்த வெளிச்சம் வராதபோது கடிகாரம் தடுமாறுகிறது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்குக் கடுமையாகவும், அவர்களைவிடப் பலருக்கு இலேசாகவும் வருகிறது. ஏன் ஒருவருக்கு வந்து அவர் தம்பிக்கு வருவதில்லை என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்நோயின் அடையாளங்களில் ஒரு விசேஷம் இருக்கிறது. சாதாரணமாக மனச்சோர்வு என்றால் தூக்கம் கெடும், பசி எடுக்காது, உடல் மெலியும். பார்ப்பவருக்கே பரிதாபம் உண்டாகும். குளிர்காலச் சோர்விலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தூக்கம் அதிகம், தீனி அதிகம், உடல் பெருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இது என்னவாகத் தெரியும்? சோம்பேறித்தனமாகத் தெரியும். இந்த நோய் சோம்பலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அதனால்தான் பரிதாபத்துக்குப் பதில் ஏச்சு கிடைக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்கள் வழக்கமாகக் கேட்டுவந்த ஒரு துஆவை நம்மில் பலர் சிறுவயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ அது. அதில் கவலைக்கும் துயரத்துக்கும் அடுத்தபடியாக வரும் இரு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று ‘அஜ்ஸ்’, மற்றொன்று ‘கஸல்’. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் உலமாப் பெருமக்கள் இவற்றைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அஜ்ஸ் என்பது இயலாமை. செய்ய நினைத்தும் சக்தி இல்லாத நிலை. கஸல் என்பது சோம்பல். சக்தி இருந்தும் மனம் எழாத நிலை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான். இருவரும் படுக்கையில் கிடக்கிறார்கள். ஒருவர் எழமாட்டாமல் கிடக்கிறார். மற்றவர் எழ விரும்பாமல் கிடக்கிறார். போர்வைக்குள் இருப்பவர் இவர்களில் யார் என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையேயுள்ள விஷயம். சில வேளைகளில் அவருக்கே தெரிவதில்லை. கதவருகே நின்று பார்க்கும் நமக்கு மட்டும் எப்படித் தெரிந்துவிடும்?

இனி, துயரம் என்பதே ஈமானுக்கு எதிரானதா? திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை ஓதுகிறவர்கள் இப்படி எண்ண மாட்டார்கள். நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனை எண்ணி எண்ணித் துயருற்று, அத்துயரால் கண்கள் வெளிறிப் பார்வை இழந்தார்கள். ஒரு நபியின் துயரம் அவர்களுடைய உடலையே தாக்கியது. வீட்டிலிருந்தவர்கள் ஆறுதலா கூறினார்கள்? ‘இப்படியே யூசுஃபை நினைத்துக்கொண்டிருந்தால் அழிந்துபோவீர்கள்’ என்ற கருத்தில் குறைதான் கூறினார்கள். அவர்களுக்கு யஃகூப் (அலை) அவர்கள் அளித்த விடையில், தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னார்கள். அடுத்த மூச்சிலேயே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கே உபதேசமும் செய்தார்கள். பார்வை போகும் அளவுக்கு அழுதவரும், நம்பிக்கை இழக்காதீர் என்று பிறருக்குச் சொன்னவரும் ஒரே மனிதர், ஒரே நேரம், ஒரே உள்ளம். துயரம் வேறு, நிராசை வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மார்க்கம் கண்டிப்பது நிராசையை. கண்ணீரை அன்று. தம் மைந்தர் இப்ராஹீம் மரணித்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்களும் கலங்கினவே!

‘அவர்களுடைய துயரங்களுக்கெல்லாம் காரணம் இருந்தது, பிள்ளையை இழந்தார்கள், துணையை இழந்தார்கள். இவனுக்கு என்ன குறை? நல்ல வேலை, நல்ல சம்பளம், குளிருக்குக் கதகதப்பான வீடு!’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடி நாம் மேலைநாட்டாரிடம் போக வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், கி.பி. 934-ல் மறைந்தவர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். அதில் துயரத்தை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, காரணம் தெரிந்த துயரம். பிரிவு, இழப்பு போன்றவற்றால் வருவது. மற்றொன்று, காரணம் தெரியாமலே உள்ளத்தை அழுத்தி, எதிலும் இன்பம் காணவிடாமல் செய்யும் துயரம். இந்த இரண்டாவது உடலிலிருந்து எழுவது, ஆகவே உடலுக்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கால வைத்தியப்படி அவர் இரத்தத்தைக் காரணம் காட்டினார். இன்றைய வைத்தியர் வேறு காரணம் காட்டுகிறார். அது கிடக்கட்டும். காரணம் தெரியாத துயரம் உண்டு, அது குணக்கேடு அன்று என்பதை முஸ்லிம் அறிஞர் ஒருவர் அன்றே எழுதிவைத்திருக்கிறார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் மதரஸாக்களில் இத்தகைய நூல்களின் பெயரைக்கூடச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது வேறொரு வருத்தம்.

உடலின் நிலையை மார்க்கம் எப்படி மதித்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் ஹதீஸ் நூல்களில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில் இருந்தபோது, கடுங்குளிரான ஓர் இரவில் குளிப்புக் கடமையானது. குளித்தால் இறந்துவிடுவோமோ என அஞ்சித் தயம்மும் செய்துகொண்டு தோழர்களுக்குச் சுபுஹுத் தொழுகை நடத்தினார்கள். செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தது. ஏன் அப்படிச் செய்தீர் என விசாரித்தார்கள். உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற இறைவசனத்தை நினைத்தேன் என்றார் அம்ரு. பெருமானார் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. போர்க்களத்தில் எதிரியை அஞ்சாத ஒரு வீரர் குளிரை அஞ்சினார். அது ஈமானின் குறையாகக் கருதப்படவில்லை.

மற்றொரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்கும் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார். இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். இதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்களின் கோபம் அந்தக் காயம்பட்டவர்மீது இல்லை. தெரியாமல் தீர்ப்புச் சொன்னவர்கள்மீது இருந்தது. அவர்கள்தாம் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்னும் அளவுக்குக் கடிந்தார்கள். தெரியாதவர்கள் தெரிந்தவரைக் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். அந்தத் தோழர்கள் மார்க்கப்பற்று இல்லாதவர்களா? இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய காயத்தையே அவர்கள் சரியாக எடைபோடவில்லை. கண்ணுக்குத் தெரியாத காயத்தை நாம் எவ்வளவு எளிதாக எடைபோட்டுவிடுகிறோம்!

அப்படியானால் குளிர்காலம் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. உள்ளத்தில் என்ன தோன்றுகிறது என்பதற்கு மனிதன் பொறுப்பல்லன். இயன்ற அளவில் என்ன செய்கிறான் என்பதற்கே பொறுப்பு. தொழுகை கடமை, தொழுகையில் இன்பம் தோன்றுவது அருள். அருள் வரவில்லை என்பதற்காகக் கடமை தள்ளுபடியாவதில்லை. கடமையைச் செய்பவர் அருள் வரவில்லையே என்று தம்மை நயவஞ்சகராக எண்ணி வெதும்ப வேண்டியதுமில்லை. இந்த அச்சம் ஹன்ளலா (ரலி) என்ற தோழருக்கே வந்திருக்கிறது. பெருமானாரின் சபையில் இருக்கும்போதுள்ள உள்ளம் வீட்டுக்குப் போனதும் மாறிவிடுகிறதே, நான் முனாஃபிக் ஆகிவிட்டேனோ என்று பதறி ஓடிவந்தார். அந்நிலை எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒரு நேரம் அப்படி, ஒரு நேரம் இப்படி என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள்.

நம் முன்னோர்களில் வணக்கசாலிகள் குளிர்காலத்தை விரும்பி வரவேற்றிருக்கிறார்கள். இரவு நீளம், எழுந்து தொழ வசதி. பகல் குறுகல், நோன்பு நோற்க எளிது. இதைக் கேட்டு ஒருவருக்கு ஊக்கம் பிறந்தால் மிக நல்லது. ஆனால் இதையே தடியாக எடுத்துச் சோர்ந்தவரை அடிக்கக்கூடாது. அவர்கள் வாழ்ந்த மதீனாவில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பத்தரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அவர்களுடைய குளிர்காலத்தில் குளிர் இருந்தது, வெயிலும் இருந்தது.

குளிர்நாட்டில் தொழுகை நேரங்களே எப்படி மாறுகின்றன என்பதை ஊரில் இருப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது. டிசம்பரில் இலண்டனில் லுஹர் 12 மணியளவில். ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் 2 மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். மஃரிப் 4 மணிக்குச் சற்று முன்பு. நான்கு மணி நேரத்துக்குள் மூன்று வக்துகள், மூன்றும் வேலை நேரத்தில்! கிடங்கிலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர் ஒவ்வொரு வக்துக்கும் மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஒளுச் செய்யக் குளிர்ந்த நீரும் சங்கடமான கழுவுதொட்டியும். தோல் காலுறைமீது மஸ்ஹு செய்யும் சலுகை உள்ளூரில் இருப்பவருக்கு ஓர் இரவும் ஒரு பகலும் உண்டு. நம் ஊரில் ஏட்டளவில் படித்துவிட்டுப் போன இந்தச் சட்டத்தின் அருமை அங்கேதான் தெரியும். மறுபுறம், சுபுஹு எளிது. சூரியன் உதிப்பது 8 மணிக்கு. ஏழு மணிக்கு எழுந்தாலும் வக்துக்குள் தொழுதுவிடலாம். கோடையில் நள்ளிரவை நெருங்கும் இஷாவையும் மூன்று மணிக்கு முன்பே தொடங்கும் சுபுஹையும் நினைத்தால் இது பெரிய சலுகை.

இந்த நேரங்களிலேயே ஒரு வைத்தியமும் ஒளிந்திருக்கிறது. லுஹர் வேளைதான் அங்கே பகலின் உச்ச வெளிச்சம். மேகமூட்டமான பகலில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கின் வெளிச்சத்தைப் போல் பல மடங்கு. பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருந்தால் லுஹருக்கு நடந்தே போய்வருவது தொழுகையுமாயிற்று, மருந்துமாயிற்று. பள்ளி இல்லாவிட்டால் தொழுதுவிட்டு அரைமணி நேரம் வெளியே நடக்கலாம். நம்மவர்களில் பலர் குளிர் பட்டால் சளி பிடிக்கும் என்று அஞ்சி நான்கு மாதமும் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். நார்வேயின் வடகோடியில் உள்ள ட்ரோம்ஸோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அவ்வூர் மக்கள் அந்த மாதங்களில் தடித்த உடை உடுத்துக் குழந்தைகளோடு வெளியே செல்கிறார்கள். வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி உறவினரை அழைக்கிறார்கள். குளிர்காலத்தை வரவேற்கும் மனப்பான்மை உடையவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று அந்நாட்டில் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கூறுகிறது. அந்த மனப்பான்மை தெற்கே இருப்பவர்களைவிட வடக்கே இருப்பவர்களிடம் அதிகமாம்! நோயுற்றவருக்கு மனப்பான்மை மட்டும் மருந்தாகிவிடாது. நோயில்லாதவருக்கு அது நல்ல கவசம்.

வெளியே போக இயலாதவர்களுக்கும் சோர்வு கடுமையானவர்களுக்கும் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் தனி விளக்குகள் இருக்கின்றன. காலையில் அரைமணி நேரம் அதன் முன் அமர வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. சுபுஹுக்குப் பிறகு அதன் அருகில் அமர்ந்து குர்ஆன் ஓதினால் அந்த அரைமணி நேரம் போவதே தெரியாது. கண் நோய் உள்ளவர்களும், மனம் அளவு கடந்து துள்ளுவதும் அளவு கடந்து தாழ்வதுமான நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது. எண்ணங்களைச் சீர்படுத்தும் பேச்சு மருத்துவமும் பயன் தருகிறது. அமெரிக்காவில் 177 பேரிடம் நடத்திய ஒரு சோதனையில், விளக்கும் பேச்சு மருத்துவமும் அந்தக் குளிர்காலத்தில் ஒரே அளவு பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு மருத்துவம் பெற்றவர்களிடம் நோய் திரும்பியது குறைவாக இருந்தது. பல்கீ அவர்கள் இதையும் தொட்டிருக்கிறார். உடல் நலமாக இருக்கும்போதே மருந்தை வாங்கி வைத்துக்கொள்வதுபோல, உள்ளம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்துவைத்து, துயரம் வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். கோடையிலேயே குளிர்காலத்துக்குத் தயாராகுங்கள் என்று நாம் இதற்குப் பொருள் கொள்ளலாம்.

வைட்டமின் ‘டி’ பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் உட்கொள்வதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை 2016-ல் அறிவித்தது. கருநிறத் தோலுடையவர்களுக்கும் உடலை முழுதும் மறைத்து உடுத்துபவர்களுக்கும் ஆண்டு முழுவதும் இது தேவைப்படலாம் என்றும் கூறுகிறார்கள். அதாவது, நம் பெண்களுக்கு! இது எலும்புக்கும் தசைக்கும் உரியது. இதனால் மனச்சோர்வு தீரும் என்று உறுதி சொல்ல முடியாது. மாத்திரையின் உறையில் எந்த ஜெலட்டின் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஜெலட்டின் இல்லாதவையும் தாராளமாகக் கிடைக்கின்றன.

குளிர்காலச் சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. ஊரில் மொட்டை மாடி உண்டு. பின்வாசலில் நின்று பேச அடுத்த வீட்டு லாத்தா உண்டு. அங்கே அடுக்குமாடியில் ஒரு ஜன்னல், ஒரு கைக்குழந்தை, மாலை ஆறு மணிக்கு வரும் கணவர். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லாத ஊராக இருந்தால், லுஹருக்கு நடக்கும் அந்த மருந்தும் அவருக்கு இல்லை. கணவன்மார்கள் தம் சோர்வைப் பற்றிப் பேசும்போது வீட்டிலிருப்பவரின் சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்வது கடமை. துயரப்பட்ட வீட்டாருக்கும் நோயாளிக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள். நோயாளியின் உள்ளத்துக்கு அது தெம்பளிக்கும் என்று பெருமானாரிடம் கேட்டிருந்தார்கள். அன்று துயரத்துக்குக் கஞ்சியும் கொடுத்தார்கள், துஆவும் செய்தார்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாரும் எண்ணவில்லை.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. மகன் சரியாகப் பேசுவதில்லை என்றதும் சூனியம், கண்ணேறு, ஜின் என்று தாயத்துக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. குர்ஆன் ஓதுவது எப்போதும் நன்மையே. ஆனால் ஆண்டுதோறும் நவம்பரில் வந்து மார்ச்சில் விடைபெற்றுக்கொள்ளும் சூனியம் எங்கேனும் உண்டா? ஜின்கள் நாட்காட்டி பார்த்தா வேலை செய்கின்றன? தொலைபேசியில் முதல் கேள்வியாகவே ‘தொழுதியா?’ என்று கேட்கும் வாப்பாமார்கள், ‘வெளியே நடந்தியாப்பா?’ என்றும் கேட்கலாம். குளிர்காலத்தில் இலண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே மாலை ஐந்தரை அங்கே நண்பகல். அந்த நேரத்தில் பேசினால் மகன் நடந்துகொண்டே பேசுவான். பேச்சு தடுமாறி, வாழ்வே வேண்டாம் என்ற சொல் வந்துவிட்டால் உபதேசத்துக்கு அது நேரமன்று. உடனே அங்கேயுள்ள உறவினரையோ நண்பரையோ நேரில் அனுப்பி மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

இலண்டனிலாவது சூரியன் தாழ்ந்தேனும் எட்டிப் பார்க்கிறது. கனடாவின் வட எல்லையில் இனுவிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. டிசம்பர் தொடக்கம் முதல் ஏறத்தாழ 30 நாட்கள் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. அங்கு வாழும் சின்னஞ்சிறு முஸ்லிம் சமூகத்துக்காக 2010-ல் வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிவாசலைக் கட்டி முடித்து, கட்டடத்தையே லாரியிலும் மெக்கென்சி நதியில் மிதவையிலும் ஏற்றி, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடந்து கொண்டுபோய் வைத்தார்கள். சூரியன் உதிக்காத ஊரில் வக்துகளை எப்படி அறிவது? தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டளவு நீளும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்றார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு, அருகே இரவு பகல் ஒழுங்காக வரும் ஊரின் கணக்கையோ மக்காவின் கணக்கையோ பின்பற்றித் தொழலாம் என்று உலமாக்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். சூரியனைக் காணவில்லை என்பதற்காக லுஹர் இல்லாமல் போவதில்லை. சூரியனைக் காணாதவர் குற்றவாளியாகவும் ஆவதில்லை. கணித்துத் தொழுகிறார், அவ்வளவுதான். உள்ளத்தில் வெளிச்சம் காணாமல் தொழுகிறவரும் அந்த ஒரு மாதத்து இனுவிக் வாசியைப் போன்றவர்தாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

வரும் ஆண்டுகளில் ரமளான் மாதம் குளிர்காலத்தின் நடுவுக்கே வந்துகொண்டிருக்கிறது. 2030-ல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் மறுமுறையும் ரமளான் தொடங்கும். 2015-ல் ஜூன் மாத ரமளானில் இலண்டன் வாசிகள் 18 மணி நேரத்துக்கும் மேலாக நோன்பு பிடித்தார்கள். குளிர்கால நோன்பு 10 மணி நேரத்துக்கும் குறைவு. நான்கு மணிக்கு நோன்பு திறந்து, ஆறு மணியளவில் இஷாத் தொழுது, எட்டு மணிக்குள் தராவீஹ் முடித்துவிடலாம். ஆண்டின் மிக இருண்ட வாரங்களில் ஒவ்வொரு மாலையும் பள்ளிவாசல் நிறைந்திருக்கும். ரமளான் இல்லாத குளிர்காலங்களிலும் அங்குள்ள ஜமாஅத்தார் அஸருக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளியைப் பூட்டிவிடாமல், சூடேற்றிய ஒரு கூடத்தைத் திறந்துவைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கித் தேநீருக்கும் ஏற்பாடு செய்தால் பெரிய செலவு பிடிக்காது. தனியறையில் வசிக்கும் மாணவர்களுக்கும் புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்களுக்கும் நவம்பர் முதல் வாரத்திலேயே இதை அறிவித்துவிட வேண்டும். ஜனவரியில் அறிவித்தால், வரவேண்டியவர்கள் அதற்குள் கதவை அடைத்துக்கொண்டிருப்பார்கள்.